உலர் ரத்தப் புள்ளியில் லிப்பிட் கணக்கு பிசகும்போது: அறிகுறியைப் பார்த்துக் காரணம் தேடும் வழி

எண் ஒத்துவரவில்லை என்றதும் நம் கை நேரே கருவிக்குத்தான் போகிறது. பொருள்களைத் தனித்தனியே பிரிக்கும் பிரிகுழாயை மாற்றுகிறோம், அயனி மூலத்தைக் கழற்றிக் கழுவுகிறோம், அளவுத்திருத்தக் கோட்டைத் திரும்பப் போடுகிறோம். உலர் ரத்தப் புள்ளியில், அதாவது வடிதாள் அட்டையில் காயவைத்த ரத்தத் துளியில், லிப்பிட் எனும் கொழுப்புப் பொருள்களைப் பார்க்கிறவர்களிடம் நான் முதலில் கேட்டுக்கொள்வது, கருவியைத் தொடும் முன் அட்டையை எடுத்துப் பாருங்கள் என்பதைத்தான். இந்த வேலையில் நான் சந்தித்த பிழைகளில் பெரும்பங்கு, ரத்தம் விரலை விட்டு இறங்கியதிலிருந்து டிஸ்காக வெட்டப்படும் வரையுள்ள வழியில் நடந்தவை.

1960-களின் தொடக்கத்தில் ராபர்ட் கத்ரி, பிறந்த குழந்தைகளின் குதிகால் ரத்தத்தை வடிதாளில் எடுத்து ஃபினைல்கீட்டோனூரியா நோயைத் தேடத் தொடங்கினார். அவர் தேடியது ஓர் அமினோ அமிலம். தாளில் காய்ந்தபின் பெரும்பாலும் வம்பு செய்யாத பொருள். லிப்பிட் அப்படி அடங்கி இருப்பதில்லை. பாதி சிவப்பணுவின் சவ்வில் இருக்கிறது, பாதி பிளாஸ்மாவின் லிப்போபுரதங்களில், அதாவது கொழுப்பைச் சுமக்கும் புரதத் துகள்களில், இருக்கிறது. காற்றுப் பட்டால் சில வகை கெடுகிறது. கரைப்பான் மாறினால் வெளிவரும் அளவு மாறுகிறது. போதாததற்கு நம் விரல் நுனியிலேயே கொழுப்பு இருக்கிறது.

வழக்கமான 3.2 மி.மீ. டிஸ்கில் உள்ள ரத்தம் சுமார் 3 மைக்ரோலிட்டர். அதைக் குட்டிப் பிளாஸ்மா குழாயாக நினைத்தால் கீழே வரும் பாதிச் சிக்கல்களுக்கு விடை கிடைக்காது. அது சிவப்பணுவும் பிளாஸ்மாவும் சேர்ந்து காய்ந்த முழு ரத்தம்.

அட்டையிலேயே தெரியும் கோளாறுகள்

அட்டையை வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். பிறகு திருப்பிப் பின்பக்கம் பாருங்கள். முன்னால் முழு வட்டமாக இருந்து பின்னால் திட்டுத்திட்டாக இருந்தால் ரத்தம் ஊடுருவவில்லை. துளி போதவில்லை அல்லது விரலைத் தாளில் ஒற்றியிருக்கிறார்கள். வட்டத்துக்குள் இன்னொரு கருத்த வட்டம் தெரிந்தால் துளிமேல் துளி விட்டிருக்கிறார்கள். அங்கே வெட்டிய டிஸ்கில் ஒன்றரை மடங்கு ரத்தம்கூட இருக்கலாம். புள்ளியைச் சுற்றி வெளிறிய மஞ்சள் வளையம் இருந்தால் விரலை அமுக்கிப் பிழிந்து திசுநீர் கலந்திருக்கும், அல்லது விரலில் சாராயமோ தண்ணீரோ காயாமல் இருந்திருக்கும். இப்படிப்பட்ட புள்ளியிலிருந்து வந்த எண்ணைத் திருத்திக் காப்பாற்ற வழியே இல்லை. மறு மாதிரி கேளுங்கள்.

நிறத்தையும் பாருங்கள். நன்றாகக் காய்ந்த புதுப் புள்ளி அடர்சிவப்பாக இருக்கும். நாளாக ஆக, சூடு பட ஹீமோகுளோபின் மெட்ஹீமோகுளோபினாகி அதற்கு மேலும் சிதைந்து, பழுப்புக்குப் போகும். தேதியைப் பார்த்தால் மூன்று நாள் பழைய அட்டை, நிறத்தைப் பார்த்தால் மூன்று மாதப் பழுப்பு என்றால் வழியில் எங்கோ வெந்திருக்கிறது. இந்தக் குறிப்பு மூன்றாவது அறிகுறிக்குத் தேவைப்படும்.

ஒரே நபருக்கு எல்லா லிப்பிடும் ஒரே விகிதத்தில் ஏறியோ இறங்கியோ இருக்கிறது

ஒரு லிப்பிட் மட்டும் ஏறினால் வேதியியலைச் சந்தேகிக்கலாம். எல்லாம் கைகோத்து ஏறினால் சந்தேகிக்க வேண்டியது கன அளவை. டிஸ்கில் இருக்கும் ரத்தம் நீங்கள் நினைத்த 3 மைக்ரோலிட்டர் இல்லை.

முதல் காரணம் ஹீமாட்டோகிரிட், அதாவது ரத்தத்தின் கன அளவில் சிவப்பணுவின் பங்கு. சிவப்பணு அதிகமுள்ள ரத்தம் கெட்டியானது, தாளில் பரவாது. அதே 3.2 மி.மீ. வட்டத்துக்குள் கூடுதல் ரத்தம் அடைபட்டிருக்கும். ரத்தசோகை உள்ளவரின் ரத்தம் நீர்த்து விரியும், டிஸ்கில் குறைவாக இருக்கும். லிப்பிடுக்கு இதில் இன்னொரு முடிச்சும் உண்டு. ஹீமாட்டோகிரிட் ஏறும்போது டிஸ்கில் ரத்தம் கூடுகிறது, ஆனால் அந்த ரத்தத்தில் பிளாஸ்மாவின் பங்கு குறைகிறது. ஆகவே டிரைகிளிசரைடு, கொலஸ்ட்ரால் எஸ்டர் போன்ற பிளாஸ்மா லிப்பிடுகளில் இரண்டு விளைவும் ஓரளவு ஒன்றையொன்று ஈடுகட்டும். ஃபாஸ்ஃபாட்டிடைல்செரின், ஃபாஸ்ஃபாட்டிடைல்எத்தனாலமின் போன்ற சவ்வு லிப்பிடுகளில் இரண்டும் சேர்ந்து ஒரே பக்கம் இழுக்கும். சவ்வு லிப்பிட் நன்றாக உயர்ந்து, டிரைகிளிசரைடு கிட்டத்தட்ட அசையாமல் இருந்தால் ஹீமாட்டோகிரிட் என்றே முதலில் எழுதிக்கொள்ளுங்கள். இரண்டு வகையும் ஒரே விகிதத்தில் ஏறியிருந்தால், துளிமேல் துளியா என்று அட்டைக்குத் திரும்புங்கள்.

அடுத்தது வெட்டிய இடம். வடிதாளும் ஒரு குரோமட்டோகிராஃபி பரப்புதான். துளி பரவும்போது நடுவும் விளிம்பும் ஒன்றுபோல் காய்வதில்லை. ஒருவர் நடுவிலும் இன்னொருவர் ஓரத்திலும் வெட்டினால் ஒரே புள்ளி இரண்டு விடை சொல்லும். எங்கே வெட்டுவது என்று ஆய்வகம் முழுவதும் ஒரே விதி வைத்துக்கொள்ளுங்கள்.

சரிசெய்ய மூன்று வழி உண்டு. அளந்த துளியை விட்டு முழுப் புள்ளியையும் வெட்டி எடுப்பது ஒன்று. 10, 20, 30 மைக்ரோலிட்டர் என்று நிச்சயமான அளவை உறிஞ்சும் முனைகளுக்கு மாறுவது இன்னொன்று. இரண்டிலும் கன அளவுச் சிக்கல் தீரும். பிளாஸ்மாவின் பங்கு எவ்வளவு என்ற கேள்வி மட்டும் அப்படியே நிற்கும். பழைய அட்டைகள்தான் கையில் இருக்கின்றன என்றால், டிஸ்கின் சாற்றில் பொட்டாசியத்தையோ ஹீமோகுளோபினையோ அளந்து ஹீமாட்டோகிரிட்டை மதிப்பிட்டுத் திருத்தலாம். பொட்டாசியம் பெரும்பாலும் சிவப்பணுவுக்குள் இருப்பதால் அது நம்பகமான துப்பு. விகிதங்களாக மட்டும் அறிக்கை கொடுக்கலாமே என்று சிலர் கேட்பார்கள். இரண்டு பிளாஸ்மா லிப்பிடுகளின் விகிதம் என்றால் சரி. ஒரு பிளாஸ்மா லிப்பிடை ஒரு சவ்வு லிப்பிடால் வகுத்தால் ஹீமாட்டோகிரிட்டையே திரும்ப அளந்தவர்கள் ஆவோம்.

பிளாஸ்மா ஆய்வக எண்ணோடு பொருந்தவில்லை

இதைப் பிழை என்றே நான் சொல்லமாட்டேன். பிளாஸ்மாவில் டிரைகிளிசரைடு 150 மி.கி./டெ.லி. என்று வையுங்கள். சிவப்பணுவில் அது ஏறக்குறைய இல்லை. ஹீமாட்டோகிரிட் 45 சதவீதம் என்றால் முழு ரத்தத்தில் சுமார் 82. அதே பிளாஸ்மா, ஹீமாட்டோகிரிட் 30 சதவீதம் என்றால் 105. நோயாளியின் கொழுப்பு துளியும் மாறாமல் எண் மட்டும் இவ்வளவு நகர்கிறது. கொலஸ்ட்ராலில் இந்தச் சரிவு குறைவு, ஏனென்றால் சிவப்பணுச் சவ்விலும் கொலஸ்ட்ரால் உண்டு. அது எஸ்டர் ஆகாத தனிக் கொலஸ்ட்ரால். அதனால் முழு ரத்தத்தில் தனிக் கொலஸ்ட்ராலின் பங்கு பிளாஸ்மாவைவிட உயர்ந்தே தெரியும். அதைப் பார்த்து எஸ்டராக்கும் நொதியில் குறை என்று முடிவுக்குப் போய்விடாதீர்கள்.

மருத்துவர் ‘எல்.டி.எல். எவ்வளவு?’ என்று கேட்பார். காயும்போது லிப்போபுரதத் துகள்கள் உருக்குலைகின்றன. எச்.டி.எல்.-ஐப் பிரித்தெடுக்கும் வழக்கமான முறைகள் துகள் முழுதாக இருப்பதை நம்பியவை. எச்.டி.எல். எண் ஆட்டம் கண்டால், மொத்தக் கொலஸ்ட்ராலிலிருந்து எச்.டி.எல்.-ஐயும் டிரைகிளிசரைடில் ஐந்தில் ஒரு பங்கையும் கழிக்கும் 1972-ஆம் ஆண்டு ஃபிரீடுவால்ட் கணக்கும் கூடவே ஆடும். எல்.டி.எல். போன்ற துகள்களில் உள்ள புரதமான அபோலிப்போபுரதம் பி-ஐ அளந்து கொடுப்பது இந்த இடத்தில் நேர்மையான வழி. ஒரே நேரத்தில் எடுத்த ஜோடி மாதிரிகளை வைத்து உங்கள் ஆய்வகத்துக்கென்று ஒரு மாற்றுச் சமன்பாடு போடாமல், பிளாஸ்மாவுக்கான எல்லை மதிப்புகளைப் புள்ளி எண்ணோடு ஒப்பிட்டு யாருக்கும் மருந்து தொடங்க விடாதீர்கள்.

டி.எச்.ஏ., ஈ.பி.ஏ. சரிகிறது, பால்மிட்டிக் ஏறுகிறது

எனக்கு மிக அதிக மன உளைச்சல் கொடுத்த அறிகுறி இது. டி.எச்.ஏ., ஈ.பி.ஏ. இரண்டும் ஒமேகா-3 கொழுப்பு அமிலங்கள். பால்மிட்டிக், இரட்டைப் பிணைப்பே இல்லாத கொழுப்பு அமிலம்.

கொழுப்பு அமிலங்களை மொத்தத்தில் இத்தனை சதவீதம் என்றுதான் பெரும்பாலும் எழுதுகிறோம். பல இரட்டைப் பிணைப்புள்ள அமிலங்கள் காற்றில் அழிந்தால் வகுக்கும் மொத்தம் குறைகிறது, மற்றவற்றின் சதவீதம் தானாக ஏறுகிறது. பால்மிட்டிக் அமிலம் உண்மையில் ஏறவில்லை, இருந்த இடத்தில்தான் இருக்கிறது. உள் திட்டப்பொருளை, அதாவது அளவு தெரிந்து நாமே சேர்க்கும் ஒப்பீட்டுப் பொருளை, வைத்து ஒவ்வொன்றின் உண்மையான அளவையும் கணக்கிட்டால் எது போனது, எது நின்றது என்று உடனே தெரியும். ஆறு இரட்டைப் பிணைப்புள்ள டி.எச்.ஏ.-வும், ஐந்துள்ள ஈ.பி.ஏ.-வும், நான்குள்ள அராக்கிடோனிக்கும் சேர்ந்து சரிந்து, இரண்டே உள்ள லினோலெயிக் அவ்வளவாக அசையாமல் இருந்தால் அது ஆக்சிஜனேற்றம். ஈ.பி.ஏ., டி.எச்.ஏ. மட்டும் குறைந்து அராக்கிடோனிக் நின்றால் அது அந்த நபரின் உணவாக இருக்கலாம்.

தாளில் ஏன் இவ்வளவு வேகம்? காயும்போது சிவப்பணு உடைகிறது, ஹீமோகுளோபின் வெளியே வருகிறது. அதில் உள்ள இரும்பு ஆக்சிஜனேற்றத்தைத் தூண்டுகிறது. மெல்லிய தாளில் விரிந்த கொழுப்புக்கு இருபுறமும் காற்று. கெடுவதற்கு இதைவிட வசதியான இடம் இல்லை.

ஒரு முறை எங்களுக்கு வாரத்தின் முதல் நாள் ஓட்டத்தில் மட்டும் ஈ.பி.ஏ. தாழ்ந்து வந்தது. இரண்டு வாரம் கருவியோடு மல்லுக்கட்டினோம். பிறகு சக ஊழியர் ஒருவர், வந்து சேர்ந்த நாள் வரிசைப்படி அட்டைகளை மேசையில் அடுக்கி வைத்தார். செவ்வாய், புதன் அட்டைகள் அடர்சிவப்பு. திங்கள் அட்டைகள் காய்ந்த புளியின் நிறம். வெள்ளிக்கிழமை எடுத்தவை வார இறுதி முழுவதும் மூடிய வண்டியில் வெயிலில் கிடந்திருக்கின்றன. அன்றிலிருந்து வெள்ளிக்கிழமை மாதிரி எடுப்பதை நிறுத்தினோம், சரிவும் நின்றது.

சரிசெய்யும் வழி: பி.எச்.டி. (BHT) போன்ற ஆக்சிஜனேற்றத் தடுப்பியும் இரும்பைப் பிடித்து வைக்கும் பொருளும் முன்கூட்டியே ஊட்டிய தாளை வாங்குங்கள் அல்லது தயாரியுங்கள். கொழுப்பு அமிலத்துக்கு இது இல்லாத தாளில் மாதிரி எடுக்க எனக்கு இப்போது மனம் வராது. காய்ந்தவுடன் ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தோடு மூடிய பையில் வையுங்கள். ஈரப்பதம் காட்டும் சீட்டு 30 சதவீதத்துக்கு மேல் நிறம் மாறினால் பொட்டலத்தை மாற்றுங்கள். நீண்ட நாள் வைப்பதென்றால் மைனஸ் 80 டிகிரி செல்சியஸ். மைனஸ் 20 வேகத்தைக் குறைக்கும், நிறுத்தாது. உறைபெட்டியிலிருந்து எடுத்த பையை உடனே திறக்காதீர்கள். அறை வெப்பத்துக்கு வரும்வரை மூடியே இருக்கட்டும். இல்லையென்றால் குளிர்ந்த தாளில் காற்றின் ஈரம் படிந்து, காய்ந்த புள்ளி மறுபடி நனையும்.

ஆக்சிஜனேற்றமா என்று உறுதிசெய்ய எளிய சோதனை: ஒரே ரத்தத்தை ஒரே நாளில் பத்துப் புள்ளிகளாக விடுங்கள். ஐந்து மைனஸ் 80-இல், ஐந்து மேசை மேல். ஒரு வாரம் கழித்து ஒரே ஓட்டத்தில் அளங்கள். இரண்டுக்கும் இடையே உள்ள வித்தியாசம்தான் உங்கள் அறையும் உங்கள் தாளும் சேர்ந்து செய்கிற சேதம்.

ஸ்டீரால் பார்க்கிறவர்களுக்கும் இதே எச்சரிக்கை. 7-கீட்டோகொலஸ்ட்ரால் தாளிலேயே காற்றில் உண்டாகும். அது மட்டும் ஏறியிருப்பதை நோயின் அடையாளமாக எடுக்கக் கூடாது.

வெற்றுத் தாளிலும் பால்மிட்டிக், ஸ்டியரிக் வருகிறது

தாள், விரல், கையுறை, பிளாஸ்டிக் குழாய், சோப்பு எல்லாமே இந்த இரண்டு அமிலங்களையும் கொடுக்கும். ஒவ்வொரு அட்டையிலும் ரத்தம் படாத பகுதியிலிருந்து அதே அளவு டிஸ்கை வெட்டி, அதே வழியில் கொண்டுபோய் அளங்கள். எல்லா வெற்று டிஸ்கிலும் ஒரே அளவு வந்தால் தாளோ கரைப்பானோ காரணம், கழித்துவிடலாம். தாறுமாறாக வந்தால் கை பட்டிருக்கிறது, கழித்தும் பயன் இல்லை. இடுக்கியால் பிடியுங்கள், கண்ணாடிக் குழாய்க்கு மாறுங்கள், கையுறைப் பெட்டி மாறிய தேதியைக் குறிப்பேட்டில் பாருங்கள்.

காஸ் குரோமட்டோகிராமில் பால்மிட்டிக் முகட்டுக்குச் சற்று முன்னால் பெயர் தெரியாத குட்டி முகடு வந்தால் அதை அசுத்தம் என்று தள்ளிவிடாதீர்கள். அமில முறையில் மீத்தைல் எஸ்டர் செய்யும்போது பிளாஸ்மலோஜன் என்ற ஃபாஸ்ஃபோலிப்பிட் வகையிலிருந்து டைமீத்தைல் அசெட்டால் உண்டாகும். நிறை எண் 75-இல் வலுவான அயனி தந்தால் அதுதான்.

நொதி முறையில் மட்டும் டிரைகிளிசரைடு எகிறுகிறது

கிளிசரால். நொதி முறை டிரைகிளிசரைடை உடைத்து, வரும் கிளிசராலைத்தான் எண்ணுகிறது. கைக்குத் தடவும் கிரீமிலும் பல சோப்புகளிலும் கிளிசரால் இருக்கிறது. விரலை வெறும் வெதுவெதுப்பான நீரில் கழுவித் துடைத்து, முதல் துளியைத் துடைத்தெறிந்து, இரண்டாவதை எடுக்கச் சொல்லுங்கள். கிளிசராலுக்கென்று தனி வெற்றுக் கணக்கு வைத்தால் பழைய மாதிரிகளையும் சோதித்துக்கொள்ளலாம்.

ஃபாஸ்ஃபோலிப்பிட் சரியாக வருகிறது. டிரைகிளிசரைடும் கொலஸ்ட்ரால் எஸ்டரும் குறைகின்றன

பிரித்தெடுக்கும் கரைப்பானைப் பாருங்கள். வெறும் மெத்தனால் என்றால் விடை கிடைத்தாயிற்று. ஃபாஸ்ஃபோலிப்பிட் அதில் தாராளமாகக் கரையும், டிரைகிளிசரைடு கரையாது. ஐசோபுரப்பனால் சேர்ந்த கலவையோ, குளோரோஃபார்ம்-மெத்தனாலோ, மீத்தைல் டெர்ஷரி பியூட்டைல் ஈதரோ தேவை.

கரைப்பான் சரியாக இருந்தும் குறைந்தால், காய்ந்த புரத வலைக்குள் லிப்பிட் சிக்கியிருக்கிறது. டிஸ்கின் மேல் நேரடியாகக் கரைப்பானை ஊற்றினால் ஹீமோகுளோபின் இறுகி, மேலும் பூட்டிக்கொள்ளும். முதலில் சிறிது தண்ணீர் விட்டு ஊறவையுங்கள். தாள் வெளுத்து, நீர் செந்நிறமாகும். அப்புறம் கரைப்பானைச் சேர்த்தால் புரதம் குழாய்க்குள்ளேயே செதில் செதிலாகத் திரியும், லிப்பிட் கரைசலில் நிற்கும். மேல் கரைசலை எடுக்கும்போது அதில் இளஞ்சிவப்பு தெரிந்தால் இன்னும் ஒரு முறை சுழற்றி வடியுங்கள். அப்படியே ஏற்றினால் அயனியாக்கம் அமுங்கும்.

இங்கே ஒரு ஏமாற்று இருக்கிறது. உள் திட்டப்பொருளைக் கரைப்பானில் கலந்து ஊற்றுகிறோம். அது தாளில் காயவே இல்லை, புரத வலைக்குள் சிக்கவே இல்லை. ஆகவே அதன் மீட்பு நூறு சதவீதம் என்று காட்டினாலும் தாளிலிருந்து லிப்பிட் வந்ததா என்பதற்கு அது சாட்சி இல்லை. அளவு தெரிந்த திட்டப்பொருளை ரத்தத்தில் கலந்து, தாளில் விட்டு, காயவைத்து, பிரித்தெடுத்துப் பாருங்கள். அதே ரத்தத்தை ஈரமாகவே பிரித்தெடுத்த எண்ணோடு ஒப்பிடுங்கள். பிரித்தெடுத்த டிஸ்கைத் தூக்கிப் போடாமல் இரண்டாம் முறையும் பிரித்தெடுங்கள். அதில் கணிசமாக வந்தால் முதல் முறை போதவில்லை.

லைசோ வகைகளும் தனிக் கொழுப்பு அமிலங்களும் கூடுகின்றன

மெதுவாகக் காய்ந்திருக்கிறது. ஈரம் இருக்கும்வரை நொதிகள் ஃபாஸ்ஃபோலிப்பிடிலிருந்து ஒரு கொழுப்பு அமிலத்தை வெட்டிவிடும், மிஞ்சுவதுதான் லைசோ வகை. கிடைமட்டமாக, எதன்மீதும் படாமல், வெயிலும் சூட்டு விசிறியும் இல்லாமல், குறைந்தது மூன்று மணி நேரம் காயட்டும். ஈரப்பதம் மிகுந்த நாளில் அது போதாது. காயாத அட்டையைப் பையில் போட்டு மூடுவதுதான் இதில் மிகவும் கெடுதல்.

குடிக்காதவருக்கு ஃபாஸ்ஃபாட்டிடைல்எத்தனால் வருகிறது

எண்ணை அனுப்பும் முன் நிறுத்துங்கள். மது குடித்ததன் அடையாளமாக எடுக்கப்படும் இந்த ஒரு எண்ணை வைத்து ஒருவரின் ஓட்டுநர் உரிமமோ, கல்லீரல் மாற்றுக்கான இடமோ முடிவாகலாம். எத்தனாலும் சிவப்பணுச் சவ்வின் ஃபாஸ்ஃபோலிப்பிடும் சேர்ந்து, ஒரு நொதியின் துணையோடு உருவாகும் லிப்பிட் இது. ஈர ரத்தத்தில் எத்தனால் பட்டால் உடலுக்கு வெளியேயும் உருவாக முடியும். விரலைத் துடைத்த சாராயம் ஆறியதா, அட்டை காய்ந்த இடத்தருகே கைச் சுத்திகரிப்பான் இருந்ததா என்று எடுத்தவரிடம் கேளுங்கள். சந்தேகம் இருந்தால் எத்தனால் இல்லாத துடைப்பானோடு மறு மாதிரி.

பிறந்த குழந்தையின் சி26:0 லைசோ லெசித்தின் உயர்ந்திருக்கிறது

இந்த லிப்பிடை வைத்து, நரம்பையும் அட்ரினல் சுரப்பியையும் தாக்கும் மரபு நோயான எக்ஸ்-இணைந்த அட்ரினோலூக்கோடிஸ்ட்ரோஃபிக்கான தேடல் நியூயார்க்கில் 2013 இறுதியில் தொடங்கியது. 2016-இல் அமெரிக்காவின் பரிந்துரைப் பட்டியலில் அந்த நோய் சேர்ந்தது. பிரிகுழாய் இல்லாமல் நேராகச் செலுத்தும் முதற்கட்டச் சோதனையில், அதே நிறையுள்ள வேறு பொருள்கள் சேர்ந்து எண்ணை உயர்த்தலாம். அதே அட்டையில் இன்னொரு டிஸ்கை வெட்டிப் பிரிகுழாய் வழியாக அளங்கள். அப்போதும் உயர்வு அப்படியே இருந்தால் அது மெய்யான உயர்வு. ஆனாலும் நோயின் பெயர் முடிவாகிவிடவில்லை. செல்வெகர் வகைப் பெராக்ஸிசோம் கோளாறுகளிலும் இது உயரும், கேரியரான பெண் குழந்தைகளிலும் உயரும்.

இதே போன்ற இன்னொரு இடம் சைக்கோசின். கிராபே நோயில் உயரும் காலக்டோசைல்ஸ்பிங்கோசினும் (சைக்கோசின் என்பது இதுதான்), கோஷே நோயில் உயரும் குளுக்கோசைல்ஸ்பிங்கோசினும் ஒரே நிறை. மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் மட்டும் வைத்து இவற்றைப் பிரிக்க முடியாது. இரண்டு முகடுகளும் தனித்தனியாக நிற்கும் அளவுக்குப் பிரிகுழாய் முறையை அமைத்த பிறகே பெற்றோரிடம் பேச ஆளை அனுப்புங்கள்.

எதிலும் பொருந்தவில்லை என்றால்

அட்டைத் தொகுதி எண் மாறியதா, வெட்டும் கருவியின் முனை மாறியதா என்று பாருங்கள். மிக உயர்ந்த மாதிரிக்கு அடுத்தது மட்டும் உயர்ந்திருந்தால் முனையில் துகள் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஒவ்வொரு மாதிரிக்கும் இடையே வெற்றுத் தாளை ஒரு தடவை வெட்டுங்கள். வறண்ட நாளில் டிஸ்க் நிலைமின்னால் துள்ளி அடுத்த குழியில் விழுவதும் உண்டு, குழிகளைக் கண்ணால் எண்ணிவிடுங்கள். இவ்வளவும் பார்த்த பிறகும் புரியாத மாதிரியில் ஒரு முழுப் புள்ளியைத் தொடாமல் பையில் மூடி மைனஸ் 80-இல் வையுங்கள். காரணம் பிடிபடும் நாளில் சோதித்துப் பார்க்க அந்த ஒரு புள்ளி கையில் இருக்க வேண்டும்.